அக்காவுக்கு ஒரு லேப்டாப்: கடைப் புதுசா, ஆபீஸ் பழசா?

அக்கா தென்காசிப் பக்கம் ஒரு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியை. வினாத்தாள் அடிக்க வேண்டும், எமிஸ் தளத்தில் மாணவர் விவரங்களை ஏற்ற வேண்டும், பேங்க் கணக்கு பார்க்க வேண்டும், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வெளியூரில் படிக்கும் மகனோடு வீடியோவில் பேச வேண்டும். அவ்வளவுதான் வேலை. கையில் 40,000 ரூபாய் வைத்துக்கொண்டு எனக்கு போன் செய்தாள். “தம்பி, நீயே பார்த்து ஒண்ணு வாங்கிக் குடு. ரொம்ப வேகமெல்லாம் வேண்டாம். அஞ்சு வருஷம் தொந்தரவு குடுக்காம ஓடணும்.”

கடையில் விற்பவர்கள் பேசுவது முழுக்க வேகத்தைப் பற்றித்தான். எத்தனை கோர், எத்தனையாவது தலைமுறை, எத்தனை கிகாஹெர்ட்ஸ். அக்கா சொன்ன வேலைகளுக்கு இன்று விற்கும் பெரும்பாலான பிராசஸர்கள் போதும். ஐந்து வருடத்தில் ஒரு லேப்டாப்பில் எது கெடும், கெட்டால் எங்கே, என்ன செலவில் சரிசெய்யலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதை மனதில் வைத்து ஒவ்வொரு வழியாகப் பார்த்தேன். இரண்டு வாரம் அலைந்தும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே நிலைமையில் நிறையப் பேர் இருப்பார்கள்.

அக்காவின் முந்தைய லேப்டாப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எதை வாங்கக் கூடாது என்பதை அதுதான் கற்றுக்கொடுத்தது. 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக அவசரமாக வாங்கியது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. இஎம்எம்சி என்பது போனில் இருப்பது போன்ற சேமிப்பு சிப், மதர்போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது வரும் வேகமான சேமிப்பான எஸ்எஸ்டியைவிட வேகம் குறைவு, கழற்றி மாற்றவும் முடியாது. விண்டோஸும் ஆபீஸும் போட்டு முடித்தபோதே பாதி இடம் போய்விட்டது. ஒரு வருடத்தில் விண்டோஸ் அப்டேட் இறங்கக்கூட இடமில்லாமல் “இடம் போதவில்லை” என்ற செய்தி தினமும் வர ஆரம்பித்தது. அக்கா வினாத்தாள்களை ஒவ்வொன்றாக பென் டிரைவுக்கு மாற்றி இடம் உண்டாக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வருடம் திரையின் இடது கீழ் மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல். திறக்கும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சத்தம். சர்வீஸ் கடையில் பிரித்துக் காட்டினார்கள். ஹிஞ்ச் என்று அவர்கள் சொல்லும் கீலைப் பிடித்திருக்கும் திருகுகள் சின்னச் சின்னப் பித்தளை நட்டுகளுக்குள் போகின்றன. அந்த நட்டுகளைத் தாங்குவது வெறும் பிளாஸ்டிக் தூண்கள். கீல் நாளாக நாளாக இறுகும். ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கத் திறக்க எல்லா விசையும் அந்தத் தூணில் இறங்கி, நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே ஒரு குழி மட்டும் இருந்தது. எபாக்ஸி பசை வைத்து ஒட்டித் தந்தார்கள். நான்கு மாதம் தாங்கியது. பிராசஸர் நன்றாகத்தான் இருந்தது. கீல் உடைந்ததால் ஒரு லேப்டாப் குப்பைக்குப் போனது.

ஆகவே 20,000, 25,000 ரூபாய்க்கு ‘புத்தம் புதுசு’ என்று தொங்கும் விலைச்சீட்டைப் பார்த்ததும் என் முதல் கேள்வி: ரேம் 4 ஜிபியா, சேமிப்பு இஎம்எம்சியா? இரண்டில் ஒன்று ஆம் என்றாலும் வேண்டாம். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது இயங்கத் தொடங்குவதற்கான அளவு. குரோமில் ஆறு டேப், பக்கத்தில் ஒரு வேர்டு கோப்பு, மேலே வீடியோ கால் என்றால் 8 ஜிபி இல்லாமல் நிம்மதி இல்லை. செலெரான் என்4020, என்4500 போன்ற இரண்டு கோர் சிப்களையும் தவிர்த்துவிடலாம். 2023-இல் வந்த இன்டெல் என்100 பரவாயில்லை, நான்கு கோர். அதனோடு 8 ஜிபி ரேமும் உண்மையான எஸ்எஸ்டியும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாம். ஆனால் உடம்பு அதே மெல்லிய பிளாஸ்டிக்தான்.

விண்டோஸுக்குப் பதிலாக கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக்கை நான் உண்மையிலேயே யோசித்தேன். 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து வருடம் அப்டேட் தருவதாக கூகுள் 2023-இல் அறிவித்தது. வைரஸ் பயம் குறைவு, திறந்ததும் ஓடும், அம்மா அப்பாவுக்குக் கொடுக்க அருமையான பொருள். அக்காவுக்கு ஒத்துவராததற்குக் காரணம் எழுத்துரு. தமிழாசிரியர்கள் பலருடைய பழைய கோப்புகள் வானவில், பாமினி என்று யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திருக்குறள் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கலந்து நிற்கும். விண்டோஸில் எழுத்துருவை நிறுவி, என்எச்எம் ரைட்டர் போன்ற ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் போட்டுக்கொண்டால் பழைய கோப்பும் திறக்கும், அதே விசைப்பலகையில் அடிக்கவும் முடியும். குரோம்புக்கில் அந்த வசதி கிடையாது. பத்து வருட வினாத்தாள்களை அக்கா விட்டுவிட முடியாது.

மேக்புக்கிலும் இதே சிக்கல் பாதி உண்டு. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏர், மின்விசிறி இல்லாமல் சத்தமே போடாது, பேட்டரி நாள் முழுக்க நிற்கும். பழையதாகவே வாங்கினாலும் நல்ல பொருள். ஆனால் ரேம், சேமிப்பு எல்லாம் போர்டில் பற்றவைத்தது. திரை உடைந்தால் வரும் செலவில் பாதி லேப்டாப் வாங்கிவிடலாம். தென்காசியில் அதைத் திறந்து பார்க்கக்கூடிய ஆளைத் தேட வேண்டும். விட்டுவிட்டேன்.

இன்னொரு வழி, வீட்டுப் பரணில் கிடப்பதைத் தேற்றுவது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அத்தான் வீட்டிலும் ஒன்று இருந்தது. சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன். பழைய வேகத்தோடு ஒப்பிட்டால் அது வேறு கணினி. பாட்டுக் கேட்க, செய்தி படிக்க, கடிதம் அடிக்க நன்றாகப் போகிறது. ஆனால் இந்த வயதுக் கணினிகள் எதிலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், பாதுகாப்புக்கான டிபிஎம் 2.0 வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் பேங்க் கணக்கைத் திறக்காதே என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு. நிஜமான போட்டி இவற்றுக்குள்தான்.

முதலாவது, 35,000 முதல் 40,000 வரை எனக்குச் சொல்லப்பட்ட புதிய லேப்டாப்கள். இன்டெல் கோர் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குலத் திரை. எல்லா பிராண்டிலும் ஏறக்குறைய இதே சாமான்தான். ஐ3-1215யு 2022-இல் வந்தது, ஆறு கோர். அன்றாட வேலைக்குத் தாராளம். ரைசனில் கொஞ்சம் கவனம் வேண்டும். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், சிப்பின் உள் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பதை அதுதான் சொல்லும். 7320யு என்றால் ஜென் 2, பழைய வடிவமைப்பு. 7330யு என்றால் ஜென் 3, அது மேல். பெயரில் பத்துதான் வித்தியாசம், உள்ளே ஒரு தலைமுறை வித்தியாசம். 7320யு-வுக்கு ரேமும் போர்டிலேயே பற்றவைத்துத்தான் வரும். 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான்.

ரேமைப் பற்றி இன்னொரு விஷயம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கு நினைவகச் சிப்கள் போய்ச் சேருவது பெரிய காரணம். முன்பெல்லாம் “இப்போதைக்கு 8 வாங்கு, அப்புறம் இன்னொரு 8 போட்டுக்கலாம்” என்று நானே யோசனை சொல்வேன். இப்போது வாங்கும்போதே போதுமான ரேம் உள்ளதைப் பார்ப்பதுதான் லாபம்.

இரண்டாவது வழி, ஆபீஸ் பழசு. பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்கு ஆயிரக்கணக்கில் லேப்டாப் எடுத்து, மூன்று நான்கு வருடத்தில் மொத்தமாகக் கழித்துவிடும். அவை துடைத்து, சோதித்து, ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் சந்தைக்கு வருகின்றன. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனால் கடைக்குக் கடை அடுக்கி வைத்திருப்பார்கள். இங்கே பிராண்டைவிட வரிசைதான் முக்கியம். லெனோவோவில் ஐடியாபேடு வீட்டுக்கு, திங்க்பேடு அலுவலகத்துக்கு. டெல்லில் இன்ஸ்பிரான் வீட்டுக்கு, லாட்டிட்யூடு அலுவலகத்துக்கு. எச்பியில் பவிலியன் வீட்டுக்கு, புரோபுக்கும் எலைட்புக்கும் அலுவலகத்துக்கு. ஒரே கம்பெனியின் இரண்டு வரிசைகளைக் கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். விசைப்பலகையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். வீட்டு வரிசையில் பலகையே அமுங்கும், அலுவலக வரிசையில் அசையாது.

இவை உறுதியாக இருப்பதற்குக் காரணம் வாங்குகிறவர்தான். ஐந்தாயிரம் லேப்டாப் எடுக்கும் நிறுவனத்துக்கு, கீல் உடைந்து ஒவ்வொரு வாரமும் இருபது ஊழியர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்தால் கட்டுப்படியாகாது. அதனால் உள்ளேயும் சீக்கிரம் கழற்றி மாட்டும்படி செய்திருப்பார்கள். டெல் லாட்டிட்யூடு 5420-ஐத் திருப்பிப்போட்டுத் திருகுகளைத் தளர்த்தினால் அவை கீழே விழுந்து தொலையாது, மூடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். மூடியைத் தூக்கினால் ரேம் இரண்டு இடம், எஸ்எஸ்டி, பேட்டரி எல்லாம் கண்ணெதிரே. திங்க்பேடு டி480-இல் இன்னும் ஒரு படி மேலே: உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் கழற்றக்கூடிய இன்னொரு பேட்டரி. லேப்டாப்பை அணைக்காமலே பின்பேட்டரியை மாற்றலாம். தண்ணீர் கொட்டினால் வழிந்தோட விசைப்பலகையின் கீழே துளைகள். இந்த மாடல்களுக்கெல்லாம் எந்தத் திருகை எப்போது கழற்ற வேண்டும் என்பது வரை சொல்லும் சர்வீஸ் கையேட்டைக் கம்பெனியே இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. தென்காசியில் ஒரு சர்வீஸ்காரர் முதல்முறையாக அந்த மாடலைத் தொட்டாலும் தடுமாற மாட்டார்.

பழசின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். வேகத்தில் புதிய ஐ3, 2018-இன் ஐ5-ஐ எளிதாக முந்திவிடும். பேட்டரி பாதி தேய்ந்திருக்கலாம். உத்தரவாதம் மூன்று மாதம், ஆறு மாதம் என்று கடைக்குக் கடை மாறும்; புதியதில் ஒரு வருடம் கம்பெனியே பொறுப்பு. திரையிலும் ஏமாறலாம்: டி480, லாட்டிட்யூடு 5420 இரண்டுமே முழு எச்டி திரையோடும் வந்தன, 1366-க்கு 768 என்ற மங்கலான மலிவுத் திரையோடும் வந்தன. மாடல் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் எது கைக்கு வரும் என்று தெரியாது.

டி480 மேல் எனக்கு ஆசை அதிகம். கரண்ட் அடிக்கடி போகும் ஊருக்கு இரண்டு பேட்டரி எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனாலும் அது 8ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பட்டியலின் கடைசிப் படி. அடுத்து எப்போதாவது மைக்ரோசாஃப்ட் வரம்பை உயர்த்தினால் முதலில் வெளியே போவது அதுதான். இரண்டு மூன்று வருடத்துக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். அக்கா கேட்டது ஐந்து. அதனால் 2021-ஐ ஒட்டி வந்த 11ஆம் தலைமுறை இன்டெல் மாடல்களுக்குப் போனேன்: லாட்டிட்யூடு 5420, எலைட்புக் 840 ஜி8, திங்க்பேடு டி14 ஜென் 2. மூன்றும் டைப்-சி சார்ஜரில் ஏறும். சார்ஜர் கெட்டால் எந்த ஊரிலும் 65 வாட் டைப்-சி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

சரி, கடையில் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் பழசு வாங்குவதில் பாதி வேலை இதுதான். முதலில் லேப்டாப்பை ஆன் செய்ததும், விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போனேன். பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே மூடி வைத்துவிட வேண்டும். பழைய நிறுவனம் போட்ட பூட்டு அது. பிறகு விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி, என் போனின் ஹாட்ஸ்பாட்டோடு இணைத்தேன். இணையம் வந்ததும் ஏதாவது நிறுவனத்தின் பெயர் திரையில் தோன்றி அலுவலக மின்னஞ்சலைக் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு அரைமணி நேரம் ஆகும். கடைக்காரர் பொறுக்க மாட்டேன் என்றால் அடுத்த கடை.

அப்புறம் பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் கட்டளை இருக்கிறது. கேட்டால் போட்டுக் காட்டுவார்கள். டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது மிஞ்சியிருப்பது) என்று இரண்டு எண்கள் வரும். நான் முதலில் பார்த்த 5420-இல் 63,000-க்கு 39,000 இருந்தது. வேறு எடுங்கள் என்றேன். இரண்டாவதில் 54,000. எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோவையும் ஓட்டிப் பார்த்தேன். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு விசையாக அழுத்தினேன். வெள்ளைப் படம், கறுப்புப் படம் இரண்டையும் திரை முழுக்க வைத்து, கடையின் இருட்டு மூலைக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். எல்லா யூஎஸ்பி துளையிலும் பென் டிரைவைச் செருகினேன். சார்ஜர் முனையை லேசாக ஆட்டிப் பார்த்தேன். சார்ஜ் விட்டுவிட்டு ஏறினால் துளை தளர்ந்திருக்கிறது என்று பொருள். கடைசியாக ஒரு வீடியோவை ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடைகளில் “எம்எஸ் ஆபீஸ் ஃப்ரீயாப் போட்டுத் தர்றோம்” என்பார்கள். அது பெரும்பாலும் திருட்டுப் பிரதி. அதைத் திறக்கப் பயன்படுத்தும் கிராக் மென்பொருள் வழியாக என்ன உள்ளே வரும் என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு லிப்ரே ஆபீஸ் போட்டேன். வானவில் எழுத்துருவில் இருந்த பழைய வினாத்தாளைத் திறந்து பார்த்தேன், சரியாக வந்தது. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்கினேன்.

இந்தச் சோதனைகளைச் செய்ய உங்களுக்கு ஆள் இல்லை, பக்கத்தில் நம்பகமான கடையும் இல்லை என்றால், நான் தயங்காமல் புதிய ஐ3-ஐத்தான் சொல்வேன். ஐ3-1215யு அல்லது அதற்குப் பிந்தையது, 8 ஜிபி ரேமோடு கூடுதலாக ஒரு ரேம் இடம், எஸ்எஸ்டி, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மங்காத ஐபிஎஸ் வகை முழு எச்டி திரை. மூடியை எப்போதும் நடுவில் பிடித்துத் திறங்கள், ஒரு மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள். மீதிப் பணம் இருந்தால் இரண்டாவது வருடத்துக்கான உத்தரவாத நீட்டிப்பை வாங்குங்கள். ஆள் இருந்தால், 11ஆம் தலைமுறை ஆபீஸ் லேப்டாப்புக்கு இந்த விலையில் ஈடு இல்லை.

அக்காவுக்கு வாங்கியது லாட்டிட்யூடு 5420. ஐ5, 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, முழு எச்டி திரை, 27,000 ரூபாய். மீதியில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி எல்லா வினாத்தாள்களையும் அதிலும் ஒரு பிரதி வைத்தாயிற்று. 5,000 ரூபாயைப் பேட்டரிக்கு என்று தனியாக எடுத்துவைக்கச் சொன்னேன். இரண்டு வருடம் கழித்துத் தேவைப்படும்.

மூடியில் பழைய நிறுவனத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த தடம் லேசாகத் தெரிகிறது. ஏ, ஸ்பேஸ் விசைகள் பளபளவென்று தேய்ந்திருக்கின்றன. திரை வெளிச்சம் கொஞ்சம் குறைவு. வீட்டு முன்திண்ணையில் பகலில் உட்கார்ந்தால் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று அக்கா சொன்னாள். அத்தான் மேசையை உள்ளே ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நகர்த்திப் போட்டிருக்கிறார். அரையாண்டுத் தேர்வு வினாத்தாளை அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறாள்.